மேடைக்கு வரும் சாட்சிகள்

இலங்கையின் முசலிக் கரையிலே, அரிப்புக் கிராமத்துக்கு அணித்தாக, கடல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அரித்துண்ணும் செங்கற் கட்டிடம் ஒன்றுண்டு; ஊர்மக்கள் அதனை அல்லிராணி கோட்டை என்பர். அது கதையில் வரும் அல்லிராணியின் அரண்மனையன்று, ஆங்கிலேயரின் முதலாவது தேசாதிபதி பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்புக் காலத்திலே வந்து தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையிற் கட்டுவித்த மாளிகை என்று ஒரு பேச்சாளர் அவ்வூர்ச் சபையிலே கூறினால், பாட்டன் காலந்தொட்டுக் கதை கேட்டு வந்தோர் உடனே ஒப்புவார்களா? ஒப்பமாட்டார்கள்; ஒப்பவேண்டுமென்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. "சரித்திர ஆசிரியர்கள் சொல்கிறார்கள்" என்று சேர்த்துக்கொள்வதாலும் பயனில்லை. பெயரில்லாத சாட்சியை எந்த நீதிமன்றம் விசாரிக்கும்?

அதை விடுத்து, கொழும்பிலே படையினருக்குக் குருவாயிருந்த ஜேம்ஸ் கோர்டினர் என்பவர், அம்மாளிகை புதிதாயிருந்த காலத்திலேயே அதனைக் கண்டு, 1807இல் வெளியிட்ட தம் இலங்கை நூலில் வருணித்திருக்கிறார் என்று சொல்லட்டும். ஆள் யார், எப்போது கண்டார், எங்கே எழுதினார் என்ற மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட, சபை காது கொடுக்கத் தொடங்கும். பொருளை உள்ளபடி அறிந்தவனாகவும் அறிந்தபடியே உரைக்க விரும்புபவனாகவும் உள்ளவனையே ஆப்தன், அதாவது நம்பத்தக்க சாட்சி, என்று நம் தர்க்க சாஸ்திரிகள் கொண்டனர். அல்லிராணி கதையைப் பரிகசிப்பவர் மட்டும் எத்தனை சான்று காட்டினும் அங்கே தோற்பார். அதனை ஊரார் வழங்கும் கதையென்றே மரியாதையுடன் குறிப்பிடுவது தகும்.

சாட்சிக்கும் எல்லையுண்டு. கண்டி இராச்சியத்திலே ஏறத்தாழ இருபதாண்டு சிறைப்பட்டிருந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி வந்த ரொபர்ட் நொக்ஸ், கண்டி நாட்டு வாழ்க்கைக்கு அருமையான சாட்சி. முத்துப்பார்களைப் பற்றி அவரை அழைப்பதோ பேதைமை.

இனி, பெரிய பெயர்களால் விளையும் மயக்கம். லிவர்பூல் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஹெர்ட்மன், 1902இல் மன்னார்க் குடாவின் முத்துப்பார்களை ஆராய்ந்து, சிப்பிக்குட் புகும் நாடாப்புழுவின் முட்டைப்புழுவே நல்முத்துக்குக் காரணமென்று முடிவு கட்டினார். அவருடைய அறிக்கையை இலண்டன் றோயல் சங்கம் வெளியிட்டது. தகுதி, நேரடி ஆராய்ச்சி, உயர்ந்த பிரசுரம் ஆகிய யாவும் இருந்தும், அந்தக் கொள்கை நிலைக்கவில்லை. சிப்பியின் மேலுறைத் தோலைச் சார்ந்த உயிரணுக்கள் இடம்பெயர்ந்து உள்ளே பையாக அமைவதனாலேயே முத்து விளைகிறது என்று பின்வந்தோர் கண்டனர். ஆகவே ஹெர்ட்மனைச் சான்று காட்டுபவர், அவர் எழுதிய காலத்தையும் பிற்காலத்தார் மறுத்ததையும் கூடவே சொல்லவேண்டும். அவ்வளவுக்கு நேரமில்லையெனில், அந்தச் சான்றையே விட்டுவிடுவது நலம்.