விளையாட்டு வழங்கியில் செயலிப் பொருந்தாமை

பலர் ஒரே நேரத்தில் ஆடும் இணைய விளையாட்டை நடத்துவதற்கென ஒதுக்கப்பட்ட கணினி, தனி விளையாட்டு வழங்கி எனப்படும். வழங்கி மென்பொருள் பயன்படுத்தும் ஆணைகள் கணினியின் செயலியில் இல்லாதபோது மென்பொருள் இயங்காமல் நின்றுவிடுகிறது. இதுவே செயலிப் பொருந்தாமை. நினைவகத்தைக் கூட்டினாலோ மென்பொருளை மீண்டும் நிறுவினாலோ இது தீராது.

அறிகுறிகள்

லினக்சில் ‘எக்செக் ஃபார்மட் எரர்’ என்ற பிழைச்செய்தி வந்தால் பெரும்பாலும் செயலியின் கட்டமைப்பே வேறு. எக்ஸ்86 செயலிக்கான நிரலை ராசுபெரி பை போன்ற ஏஆர்எம் கணினியில் இயக்கினால் இது தோன்றும். ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று வந்தால், கட்டமைப்பு பொருந்தினாலும் தேவையான ஆணைத்தொகுதி இல்லை எனலாம். 2011இல் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் செயலிகளுடன் வந்த ஏவிஎக்ஸ் இதற்கு எடுத்துக்காட்டு. பின்னர் வந்த செலிரான், பென்டியம் வகைகள் பலவற்றிலும் இது இல்லை.

சரிபார்த்தல்

‘எல்எஸ்சிபியு’ கட்டளை செயலியின் கட்டமைப்பையும் ஆணைத்தொகுதிகளையும் காட்டும். மெய்நிகர் இயந்திரத்தில் ஏவிஎக்ஸ் தென்படாவிட்டால், அதைத் தாங்கும் கணினியிலும் பார்க்க வேண்டும். அங்கு இருந்தால், செயலி வகையை ‘ஹோஸ்ட்’ என மாற்றினால் போதும். அங்கும் இல்லையெனில், அவ்வாணைகள் தேவைப்படாத பழைய பதிப்பை நாடலாம். மூலநிரல் கிடைத்தால் அச்செயலிக்கேற்பத் தொகுக்கலாம். இவை இயலாதபோதே புதிய செயலி வாங்க வேண்டும்.

வேறுபாடு

பொருந்தாமையால் நிற்கும் நிரல் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கும். சில மணி நேரம் ஓடிய பின் வெவ்வேறு இடங்களில் நின்றால் காரணம் வேறு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில் மின்னழுத்தக் கோளாறால் இவ்வாறு நேர்ந்தது. 2024இல் வெளியான நுண்நிரல் திருத்தம், ஏற்கெனவே பழுதான செயலிகளைச் சீராக்குவதில்லை.