ஆளில்லாத் தீவிற்கு எடுத்துச் செல்வன

மாணவர் விடுதியில் மாலை வேளைகளில் எழுந்த வினா ஒன்றை இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் மறந்திரார். "ஆளில்லாத் தீவொன்றில் தனித்து விடப்பட்டால் எப்பொருளை உடன் கொண்டு செல்வாய்?" என்பதே அது. ஒருவன் கம்பராமாயணம் என்பான். மற்றொருவன் புல்லாங்குழல் என்பான். உணவில் நாட்டமுள்ள மூன்றாமவன் பலாப்பழம் என்று கூறி எல்லாரையும் நகைக்கச் செய்வான். யாமும் அவ்வாறு விடை கூறியவர்களே. ஆயினும், இவ்வினாவை விளையாட்டாகக் கொள்ள இயலாத மக்கள் நம் வன்னிக் கரையில் உளர்.

முல்லைத்தீவிலிருந்து தெற்கே கொக்கிளாய்க்குச் செல்லும் வழியில், செம்மலையை அடுத்து நாயாறு உள்ளது. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் களப்பு, இடையே மணற்கரை, அதன்மேல் மீனவர் வாடிகள். சோழகக் காற்று வீசும் மாதங்களிலே இக்கரையோரக் கடல் அடங்கியிருக்கும். தொழிலும் மும்முரமாக நடைபெறும். ஆனால் அந்த அமைதியிலேயே ஆபத்தும் உண்டு. தென்மேற்கிலிருந்து வரும் அக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. வெளியிணைப்பு இயந்திரம் பழுதுற்றால், சிறிய கண்ணாடியிழைப் படகை அது கரைக்குத் திருப்பாது; ஆழ்கடலுக்கே தள்ளிச் செல்லும். அப்பொழுது அப்படகே ஆளில்லாத் தீவாகிவிடுகிறது.

இந்நிலைக்கு எப்பொருள்கள் வேண்டும்? இதற்கு விடை பகரத்தக்க ஒருவர் நம் நாட்டு வரலாற்றிலேயே உளர். ஆங்கில மாலுமியாகிய றொபேட் நொக்ஸ் 1660ஆம் ஆண்டிலே, இதே கிழக்குக் கரையில், திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரத்தில் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1679இல், தோழர் ஒருவருடன் தப்பி, அநுராதபுரத்தினின்று மல்வத்து ஓயாவின் கரைவழியே அடர்காட்டைக் கடந்து, ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். அந்நடைக்கு அவர்கள் கொண்டு சென்றவற்றை 1681இல் வெளிவந்த தம் நூலில் அவர் குறித்துள்ளார். பத்து நாளைக்குரிய அரிசி முதலிய உணவு, உப்பு, சமைப்பதற்கு ஒரு பாத்திரம், நீர் மொள்ளச் சுரைக்குடுக்கை இரண்டு, மழைக்குக் கூடாரமாகத் தாளிப்பனை ஓலை இரண்டு, கோடரி, முள்ளுக்குக் காலணி தைக்க மான்தோல் என்பன அவற்றுட் சில. தீமூட்டும் பெட்டி மட்டும், ஒன்று தவறினும் மற்றொன்று உதவுமென, ஒன்றுக்கு மேற்பட எடுத்துச் சென்றனர். இவற்றில் அழகுக்கென ஒன்றுமில்லை. நீர், நிழல், நெருப்பு, கருவி, உணவு என்னும் ஐந்தினுள் எல்லாம் அடங்குகின்றன.

இவ்வைந்தினுள் நீரே தலையாயது. உணவின்றி மனிதன் சில வாரங்கள் உயிர் வாழலாம். வெப்பமிகு கடல்வெளியில் நீரின்றிச் சில நாள்களே வாழ இயலும். சுற்றிலும் நீரிருக்கத் தாகத்தால் மடிவதேன் என மாணவர் வினவலாம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. நம் சிறுநீரகம் அத்துணைச் செறிவாக உப்பை வெளியேற்ற வல்லதன்று. ஆகவே, குடித்த கடல்நீரின் உப்பை அகற்ற, குடித்ததினும் மிகுதியான நீரை உடல் இழக்கின்றது. கடல்நீர் தாகத்தைத் தணிப்பதில்லை, வளர்க்கின்றது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942ஆம் ஆண்டு நவம்பரில், அத்திலாந்திக் கடலில் கப்பல் மூழ்கடிக்கப்பட, பூன் லிம் என்னும் சீனப் பணியாளர் ஒரு மிதவையில் 133 நாள்கள் தனித்து உயிர் வாழ்ந்தார். மிதவையிலிருந்த நீரும் விசுக்கோத்தும் தீர்ந்தபின், உயிர்காப்பு அங்கியின் துணியை விரித்து மழைநீரை ஏந்தினார். கைவிளக்கின் கம்பியை வளைத்துத் தூண்டில் செய்தார். ஈற்றில் பிரேசில் நாட்டு மீனவர் அவரைக் கண்டு மீட்டனர். அவர் வைத்திருந்த ஒவ்வொரு பொருளும் இரண்டு மூன்று தொழிலைச் செய்தது.

1704இல் பசிபிக் தீவொன்றில் தாமே வேண்டி இறங்கித் தனித்திருந்த அலெக்சாண்டர் செல்கேர்க்கின் கதையும் இதையே உணர்த்தும். துப்பாக்கி, வெடிமருந்து, கைக்கோடரி, கத்தி, பாத்திரம், விவிலிய நூல் ஆகியன அவர் பொருள்கள். மருந்து தீர்ந்ததும் துப்பாக்கி பயனற்றதாயிற்று. ஆடுகளை ஓடிப் பிடிக்கப் பழகினார். மரத்தோடு மரம் உரைத்துத் தீ மூட்டினார். நான்காண்டுகளுக்கு மேற் கழிய, 1709இல் மீட்கப்பட்டார். பொருள் தீரும், பழகிய கைத்திறன் தீராது.

ஆயினும் ஒரு வேற்றுமையை நாம் மறத்தலாகாது. நொக்சும் செல்கேர்க்கும் தாம் கொண்டு செல்வனவற்றை முன்னரே அறிந்து எடுத்தவர்கள். பூன் லிம்மின் மிதவையிலோ, எவனோ ஒருவன் துறைமுகத்தில் முன்னறிவோடு நீரும் உணவும் வைத்திருந்தான். அலைக்கழியும் வேளையிற் பொருளைத் தெரிந்தெடுக்க எவர்க்கும் வாய்ப்பில்லை. அத்தெரிவு கரையை விட்டு நீங்கும்பொழுதே முடிந்துவிடுகின்றது.

ஆதலின், நாயாற்றிலிருந்து புறப்படும் படகிலே மூடியுள்ள கலங்களில் மிகுதியான குடிநீர், மழைநீர் ஏந்தவும் நிழலாகவும் உதவும் ஒரு படங்கு, கத்தி, கயிறு, தூண்டில், நனையாது பொதிந்த தீப்பெட்டி, ஆளுக்கோர் உயிர்காப்பு அங்கி, ஊதுகுழல், கைவிளக்கு ஆகியன இருத்தல் வேண்டும். ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடியும் வேண்டும். வெயிலில் அதன் ஒளி பல மைல் தொலைவிலும் கண்ணுக்குப் புலனாகும். கைத்தொலைபேசியை மட்டும் நம்புதல் தகாது. கரையினின்று நெடுந்தூரம் அகன்றால் அதன் அலை எட்டாது. எல்லாவற்றிலும் மேலாக, எத்திசைக்குச் செல்கின்றோம், எப்பொழுது மீள்வோம் என்பதைக் கரையிலுள்ள ஒருவரிடம் சொல்லிச் செல்லல் வேண்டும். அதற்குச் செலவுமில்லை, படகில் இடமும் வேண்டா. தேடுவோர் எங்கே தேடுவதென அறிய அச்சொல் ஒன்றே துணையாகும்.

நம் கல்லூரி மாணவருள் கடற்கரை ஊர்களிலிருந்து வருவோர் பலர். விடுமுறையில் வீடு செல்லும்பொழுது தந்தையின் படகில் நீர்க்கலம் நிறைந்திருக்கின்றதா என ஒருமுறை பார்த்து வருமாறு அவர்களை வேண்டுகின்றோம். விடுதியில் நாம் நகைத்து விடுத்த வினாவுக்கு அதுவே தக்க விடையாகும்.