விழுப்புரம் – கடலூர் – மயிலாடுதுறை இருப்புப்பாதை

விழுப்புரம் – கடலூர் – மயிலாடுதுறை இருப்புப்பாதை என்பது தென்னக இரயில்வேயின் திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தில் அமைந்துள்ள, ஏறத்தாழ 122 கி.மீ. நீளமுள்ள ஒற்றைத்தட அகலப் பாதையாகும். பண்ணுருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், சீர்காழி ஆகிய ஊர்கள் இதன் மீது உள்ளன. கடலூரில் இரு நிலையங்கள் உண்டு. ஒன்று திருப்பாதிரிப்புலியூர், மற்றொன்று பழைய நகரில் உள்ள கடலூர் துறைமுகம் சந்திப்பு. விருத்தாசலத்திலிருந்து நெய்வேலி வழியாக வரும் பாதை இச்சந்திப்பில்தான் இணைகிறது. வெளியூரிலிருந்து வருவோர் இறங்கவேண்டிய நிலையத்தைப் பயணச்சீட்டு வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

வரலாறு

1874-இல் கிரேட் சதர்ன் நிறுவனமும் கர்நாடிக் நிறுவனமும் இணைந்து தென்னிந்திய இரயில்வே உருவானது. அந்நிறுவனம் 1870-களின் பிற்பகுதியில் சென்னையைக் கடலூர், சிதம்பரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வழியாகத் தெற்கே இணைத்தது. அப்போது இது 1000 மி.மீ. அகலமுள்ள மீட்டர் பாதையாக இருந்தது. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவற்றைக் கடலுக்கு அணித்தே, அவை அகன்று பாயும் இடங்களில் கடக்கவேண்டியிருந்ததால் பாலங்களே இப்பாதையின் பெரும்பணியாயின.

1920-களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப்பாதை அமைந்தது. அது 60 கி.மீ.க்கும் மேல் குறைவான தொலைவுடையது. ஆகவே தென்மாவட்டங்களுக்கான விரைவுவண்டிகள் நாளடைவில் அவ்வழிக்கு மாறின. கடலூர் வழிப் பாதைக்கு 'மெயின் லைன்' என்ற பெயர் மட்டும் எஞ்சியது. குறுக்குப்பாதை முன்னதாகவே 1676 மி.மீ. அகலப் பாதையாக்கப்பட்டது. கடலூர், சிதம்பரம் மக்களோ நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. 2006 இறுதியில் அகலப்படுத்தலுக்காக வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2010 ஏப்ரலில்தான் பயணிகள் வண்டி மீண்டும் ஓடியது. அதுவரை இவ்வூர்களுக்குப் பேருந்தே கதியாயிற்று. பாதை இப்போது மின்மயமாகியுள்ளது. பகலில் ஓடும் சோழன், இரவில் ஓடும் உழவன் ஆகிய விரைவுவண்டிகள் இவ்வழியாகச் செல்கின்றன.

இயக்கம்

ஒற்றைத்தடத்தில் இரு திசை வண்டிகளும் ஒரே தண்டவாளத்தையே பயன்படுத்துகின்றன. எனவே அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே இருக்கலாம். முற்காலத்தில் இந்திய ஒற்றைத்தடப் பாதைகளில் இதற்கு டோக்கன் முறை பரவலாக இருந்தது. இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு டோக்கன் வெளியே எடுக்கப்பட்டுவிட்டால், அது மீண்டும் ஏதேனும் ஒரு பெட்டிக்குள் இடப்படும்வரை எப்பெட்டியிலிருந்தும் மற்றொன்றை எடுக்க இயலாது. ஓட்டுநர் அதனைக் கையில் பெற்ற பின்னரே புறப்படுவார். கணினி நிரலில் ஒரே தரவை இரு செயல்கள் ஒருசேரத் திருத்தாமல் தடுக்கும் பூட்டும் இதே கருத்துதான். இரயில்வே அதனைக் கணினிக்கு முன்பே கண்டறிந்துவிட்டது. இன்று மின்சமிக்ஞைகள் இப்பணியைச் செய்கின்றன.

இருப்புப்பாதைக் கடவைகள்

மேற்கண்ட ஏற்பாடு வண்டியை வண்டியிடமிருந்து காக்கிறது. சாலை குறுக்கிடும் இடத்துக்குத் தனி ஏற்பாடு தேவை. இண்டர்லாக்கிங் செய்யப்பட்ட கடவையில் கேட் மூடிப் பூட்டப்பட்டாலன்றிச் சமிக்ஞை பச்சையாகாது. கேட் கீப்பர் மறந்தாலும் வண்டி நின்றுவிடும். தாமதம் ஏற்படுமேயன்றி உயிர்ச்சேதம் ஏற்படாது. இவ்விணைப்பு இல்லாத கடவையில் நிலைய அதிகாரி தொலைபேசியில் வண்டி வருவதை அறிவிப்பார். கேட் கீப்பர் கதவை மூடியபின் ஓர் இரகசிய எண்ணைத் தெரிவிப்பார். அந்த எண் கதவு மூடப்பட்டது என்பதற்கான வாய்மொழி உறுதியே ஆகும். கதவு உண்மையில் திறந்திருந்தாலும் சமிக்ஞைக்கு அது தெரியாது.

2025 சூலை 8 காலையில், கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் இவ்வகைக் கடவை ஒன்றில் பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பயணிகள் வண்டி மோதியதில் 3 மாணவர்கள் உயிரிழந்தனர்.

எக்கடவைக்கு இண்டர்லாக்கிங் தேவை என்பது டி.வி.யு. என்னும் அளவால் முடிவு செய்யப்படுகிறது. ஒரு நாளில் கடக்கும் வண்டிகளின் அலகு எண்ணிக்கையைச் சாலைப் போக்குவரத்தின் அலகு எண்ணிக்கையால் பெருக்கினால் இது கிடைக்கும். 100 சாலை வாகனங்கள் கடப்பதும், 100 மாணவர்களை ஏற்றிய வாகனங்கள் கடப்பதும் இக்கணக்கில் ஏறக்குறைய ஒன்றே என்பது இதன் குறைபாடு. செம்மங்குப்பம் விபத்துக்குப் பின்னர் இதன் வரம்பு 20,000-இலிருந்து 10,000-ஆகக் குறைக்கப்பட்டது. கடவைகளில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தவும் உத்தரவிடப்பட்டது.