வேடம் கட்டலாம், வாருங்கள்!

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் பழமொழி. அந்த ஆடைப் பாதியைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று முன்னோர் சொல்லவில்லை. ஆயினும், காஸ்ப்ளே என்ற பேச்சு எழுந்ததும் நம் மாணவர் பலர், "அது பணம் படைத்தவர் பொழுதுபோக்கு" என்று ஒதுங்கிக் கொள்கின்றனர். நல்ல வேடத்துக்குப் பணத்தைவிட அளவெடுக்கும் பொறுமையே முதல் தேவை. உதவித்தொகையில் காலம் தள்ளும் மாணவனும் அதைச் செய்யலாம் என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காஸ்ப்ளே என்பது யாது? கதையிலோ படத்திலோ சித்திரத் தொடரிலோ வரும் ஒரு பாத்திரத்தைப் போல உடுத்து, அப்பாத்திரமாகவே சிறிது நேரம் நடமாடுவது. 1939-ஆம் ஆண்டு நியூயார்க்கில் கூடிய முதல் உலக விஞ்ஞானக் கதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன், மிர்டில் டக்ளஸ் என்ற இருவர் எதிர்கால மனிதரைப் போல உடுத்து வந்தனர். இருவருக்கும் உடை தைத்தவர் டக்ளஸ் அம்மையாரே. ஆக, இக்கலை பிறந்ததே கைத்தையலில்தான்! 'காஸ்ட்யூம்', 'ப்ளே' என்ற இரு சொற்களையும் இணைத்து 1983-இல் இதற்குப் பெயர் சூட்டியவர் ஜப்பானியரான நொபுயுகி தகஹாஷி. இந்தியாவில் 2011-இல் தில்லியில் நடந்த முதல் காமிக் கானுக்குப் பிறகு இது பரவலாயிற்று.

முதல் முயற்சிக்கு எந்த வேடம் ஏற்றது? தலை முதல் கால்வரை கவசம் பூண்ட வீரனைத் தேர்ந்தால் பாதியில் சோர்ந்துவிடுவோம். ஒரே ஒரு பொருளால் அடையாளம் தெரிகிற பாத்திரமே தொடக்கத்துக்கு நல்லது. அவ்வகையில் இரும்புக்கை மாயாவிக்கு இணை யார்? 1962-இல் ஆங்கில 'வேலியண்ட்' இதழில் தோன்றி, 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாகத் தமிழுக்கு வந்தவர் அவர். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக் கொண்ட ஆய்வகத்து மனிதர். மின்சாரம் தாக்கினால் உடல் மறையும். கை மட்டும் தெரியும். எனவே அந்தக் கை ஒன்றைச் செய்தால் முக்கால் வேடம் முடிந்தது. மிச்சத்துக்கு நம் ஆய்வக அங்கியே போதும்!

இரும்புக்கை என்பதற்காக இரும்பைத் தேட வேண்டாம். அரங்குப் பொருளுக்கு எடை பகை. நம் தெருக்கூத்துக் கலைஞர் இதை நன்கறிவர். கிரீடத்தையும் புஜக்கீர்த்தியையும் எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டு பதித்து மின்ன வைத்தனர். இன்று அம்மரத்தின் இடத்தை ஈ.வி.ஏ. என்னும் நுரைத்தாள் பிடித்திருக்கிறது. சூட்டில் இளகி, குளிர்ந்ததும் வளைத்த வடிவிலேயே நிற்பது இதன் சிறப்பு. விரல்களுக்கு 2 மில்லிமீட்டர், முன்கைக்கு 5 மில்லிமீட்டர் கனமுள்ள தாள்கள் வேண்டும். இவற்றுடன் மெல்லிய பருத்திக் கையுறை ஒன்றும், கூரிய கத்தியும், செருப்புக்கு அடி ஒட்டப் பயன்படும் ரப்பர்ப் பசையும் வாங்கிக் கொள்க.

இனி அளவுக்கு வருவோம். முன்கையில் சமையலறையில் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் காகித ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். வேண்டிய கோடுகளை அதன்மேல் வரைந்து, ஒரு பக்கம் கவனமாக வெட்டிக் கழற்றினால் உங்கள் கையின் வரைபடம் உங்களிடம் இருக்கும். அதைத் தட்டையாக்கி அட்டைக்கு மாற்றுங்கள். விரல்களுக்கு ஒவ்வோர் எலும்புக்கும் ஒரு தகடு. நான்கு விரல்களுக்கு மும்மூன்று, கட்டைவிரலுக்கு இரண்டு, ஆகப் பதினான்கு. மூட்டுக்கு மூட்டு அளந்து, தகடுகளை ஓடு வேய்வது போல ஒன்றின்மேல் ஒன்று சிறிது ஏறுமாறு வரைய வேண்டும். இல்லையேல் விரல் மடங்காது. முதலில் அட்டையிலேயே வெட்டிக் கையில் வைத்துப் பாருங்கள். அட்டையைத் திருத்த ஒரு நிமிடம் போதும். நுரைத்தாளை வீணாக்கினால் மீண்டும் கடைக்கு நடக்க வேண்டும்.

வெட்டிய துண்டுகளை 'ஹீட் கன்' என்னும் வெப்பக்காற்றுக் கருவியால் சூடாக்குங்கள். மேற்பரப்பின் நுண்துளைகள் உருகி மூடிக்கொள்ளும்போது ஒரு பளபளப்பு தோன்றும். அதுவே பதம். உடனே ஒரு குழாய்மேலோ புட்டிமேலோ வளைத்துப் பிடித்து ஆறவிடுங்கள். ஒட்டும்போது இரு பரப்பிலும் பசையை மெல்லத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டுப் பிறகு அழுத்த வேண்டும். கரைப்பான் ஆவியாகிப் போனபின் ரப்பரும் ரப்பரும் தொட்ட மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும். பிறகு நகர்த்த இயலாது. கையுறைக்குள் பழந்துணியைத் திணித்து, விரல்கள் சற்று மடங்கிய நிலையில் தகடுகளை ஒட்டுவது நன்று. கையில் அணிந்துகொண்டே ஒட்டினால் பசை துணியினூடே தோலுக்கு இறங்கும்.

வண்ணத்தை நேரே பூசினால் நுரைத்தாள் உறிஞ்சிவிடும். மடங்கும்போது வெடிப்பும் காணும். ஆகவே வெள்ளை ஃபெவிகாலில் சிறிது நீர் கலந்து மூன்று நான்கு முறை பூசி உலர்த்துங்கள். அதன்மேல் கறுப்பு அக்ரிலிக் வண்ணம். பிறகு வெள்ளி வண்ணம் தோய்த்த தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் வண்ணத்தை விளிம்புகளில் மட்டும் தேயுங்கள். ஒளிரும் விளிம்பையும் இருண்ட இடுக்கையும் அடுத்தடுத்துக் கண்டால் நம் கண் அதை உலோகமென்றே கொள்ளும். ரப்பர் இரும்பாவது இந்த இடத்தில்தான்.

விடுதியில் வாழும் நாம் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. ரப்பர்ப் பசைகள் பலவற்றில் டொலுவீன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது, தீப்பற்றக் கூடியது. மூடிய அறையில் அது தரையில் படிந்து நிற்கும். கட்டிலுக்கடியில் எரியும் கொசுவத்திச் சுருள் ஒன்று போதும், அறை பற்றிக்கொள்ள! மூச்சில் சென்றால் தலைச்சுற்றலும் மயக்கமும் வரும். துணி முகமூடி அந்த ஆவியைத் தடுக்காது. ஆதலால் இவ்வேலையை மொட்டை மாடியிலோ காற்றோடும் தாழ்வாரத்திலோ செய்க. யோகா விரிப்புகளில் பல பி.வி.சி.யால் ஆனவை. அவற்றை அளவு மீறிச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு எழுந்து நுரையீரலை அரிக்கும். ஐயம் இருந்தால் வேதியியல் தோழர் ஒருவரைக் கேளுங்கள். பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியை விரிப்பில் தொட்டு மீண்டும் சுடரில் காட்டுவார். சுடர் பச்சையானால் குளோரின் உண்டு. இச்சோதனைக்கு இடம் ஆய்வகத்தின் புகைப்போக்கிக் கூண்டு, விடுதி அறையன்று.

நண்பர்களே! சொந்த ஊரை விட்டு வெகுதூரம் வந்து, புதிய மொழிகளுக்கிடையே படிக்கிறோம். பல்கலைக்கழக விழாவில் இரும்புக்கையை உயர்த்திக்கொண்டு நீங்கள் நடந்தால், "இவர் யார்?" என்று பலரும் கேட்பர். சிவகாசியில் அச்சாகித் தமிழ்ப் பிள்ளைகளின் தலையணைக்கடியில் உறங்கிய ஒரு கதையை அவர்களுக்குச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு ஏது? "எங்கே வாங்கினாய்?" என்ற கேள்வியும் தவறாமல் வரும். "நானே செய்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த மகிழ்ச்சி கடையில் கிடைப்பதில்லை. வரும் விடுமுறையில் அட்டையும் கத்தரியும் எடுத்து, முதலில் உங்கள் கையை அளந்துகொள்ளுங்கள்.