பூமி சுற்றுவதைக் காட்டிய குண்டு!

சூரியன் கிழக்கே உதிக்கிறது, மேற்கே மறைகிறது என்கிறோம். உண்மையில் ஓடுவது சூரியன் அல்ல. பூமிதான் பம்பரம்போலத் தன்னைத்தானே சுற்றுகிறது. சூரியனைப் பார்த்த பக்கம் பகல், மறுபக்கம் இரவு. இங்கே நாம் தூங்கும்போது அமெரிக்காவில் வெயில் அடிக்கிறது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இதை ஒப்பித்துவிடுவார்கள். "பூமி சுற்றுவதை நீ பார்த்தாயா?" என்று பாட்டி கேட்டால்தான் திண்டாட்டம்!

நியாயமான கேள்விதான். பூமி சுழல்கிறது என்று 499-ம் ஆண்டிலேயே ஆரியபட்டர் எழுதினார். படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் ஓடுவதுபோலத் தோன்றுகிறது அல்லவா? வானத்து நட்சத்திரங்கள் நகருவதும் அப்படித்தான் என்றார். 1543-ல் கோப்பர்னிக்கசும் பூமி சுற்றுவதாக எழுதினார். ஆனால் எல்லோரும் கண்ணால் பார்க்கும்படி அதைக் காட்ட வழி இல்லை.

காட்டியவர் பாரிஸ் நகரத்து லியோன் பூக்கோ. 1819-ல் பிறந்தவர். டாக்டருக்குப் படிக்கப் போனார். ரத்தத்தைப் பார்த்தால் அவருக்கு ஆகாது. படிப்பை விட்டுவிட்டார். மருத்துவத்துக்கு நஷ்டம், விஞ்ஞானத்துக்கு லாபம்!

கல்லும் நூலும்

பூக்கோவின் யோசனை எளிமையானது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நூலில் ஒரு கல்லைக் கட்டி, முன்னும் பின்னுமாக ஆட விடுங்கள். நூலின் மேல்நுனியை விரலால் மெதுவாகத் திருகுங்கள். கல் தானும் சுழலும். ஆனால் ஆடும் திசை மாறாது.

அப்படியானால், கீழே இருக்கும் தரை திரும்பினால்? ஆடும் கோடு மெல்ல மெல்ல விலகுவதுபோலத் தெரிய வேண்டும்!

தாயாருடன் வசித்த வீட்டின் நிலவறையில், 2 மீட்டர் கம்பியில் 5 கிலோ குண்டைத் தொங்கவிட்டார் பூக்கோ. முதல் தடவை கம்பி அறுந்துபோயிற்று. அவர் விடவில்லை. 1851 ஜனவரி 8-ந் தேதி, அதிகாலை 2 மணி. குண்டு ஆடும் கோடு விலகிவிட்டது! அடுத்த மாதமே, பூமி சுற்றுவதைப் பார்க்க வாருங்கள் என்று விஞ்ஞானிகளுக்கு அழைப்பு அனுப்பினார்.

மணலில் விழுந்த கோடு

பிரெஞ்சு ஜனாதிபதி லூயி நெப்போலியன் காதுக்குச் சேதி எட்டியது. அவர் ஆதரவில், பாரிசில் உள்ள பாந்தியன் என்ற பெரிய மண்டபத்தில் ஏற்பாடு நடந்தது. 67 மீட்டர் கம்பி. 28 கிலோ குண்டு. குண்டின் அடியில் ஒரு முள். தரையில் வட்டமாக மணல்.

ஒரு தடவை போய் வர ஏறக்குறைய 16 விநாடி. ஒவ்வொரு தடவையும் முள், மணலில் சற்றுத் தள்ளியே கீறியது. ஒரு மணி நேரத்தில் கோடு சுமார் 11 டிகிரி நகர்ந்தது. கோடு நகர்ந்ததாகச் சொல்வதுகூடத் தப்பு. மண்டபத்தையும் மணலையும் வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பூமிதான் திரும்பியது! கூட்டம் வாயைப் பிளந்து நின்றது.

கோடு முழு வட்டம் வரப் பாரிசில் சுமார் 32 மணி ஆகும். 24 மணியில் ஒரு வட்டம் பார்க்க வேண்டுமானால் துருவத்துக்குப் போக வேண்டும். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க வேகம் குறையும். பூமத்திய ரேகையில் கோடு அசையவே அசையாது.

டில்லியில் 2023-ல் திறக்கப்பட்ட புதிய பாராளுமன்றக் கட்டிடத்திலும் இப்படி ஒரு குண்டு தொங்குகிறது. அது ஒரு வட்டம் முடிக்க ஏறக்குறைய 50 மணி நேரம்.