வெளியூர் ஆளை இறக்கி ஜெயித்தால் அது ஊர் அணியா?

பொங்கல் நெருங்கினால் வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம் பக்கத்து ஊர்களின் டீக்கடைச் சுவர்களில் கபடி நோட்டீஸ் ஏறிவிடும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, யார் உபயம், நுழைவுக் கட்டணம் என்று வரிசையாக இருக்கும். 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்ற வரி எல்லா நோட்டீஸிலும் உண்டு. இன்னொரு வரியைச் சில நோட்டீஸ்களில்தான் பார்க்கலாம்: 'ஒரே ஊர் வீரர்கள் மட்டும். ஆதார் அட்டை அவசியம்.'

அந்த வரி இருக்கும் போட்டிக்கும் இல்லாத போட்டிக்கும் நிறைய வித்தியாசம். அது இல்லாத இடத்தில், ரொக்கப் பரிசு பெரிதாக இருந்தால், கையில் காசுள்ள அணி வெளியூர் ஆட்களை இறக்கும். கல்லூரி விளையாட்டு விடுதியில் தினமும் மேட் விரிப்பில் பயிற்சி எடுக்கும் ரைடரும் (பாடிப் போகிறவர்), ஏதாவது ஒரு துறை அணிக்கு ஆடும் கார்னரும் (ஓரத்தில் நின்று பிடிப்பவர்) ஒரே இரவுக்கு அந்த ஊர் பனியனை மாட்டிக்கொள்வார்கள். கோப்பை ஊருக்கு வரும். ஆனால் ஆடியவர்களில் பாதிப் பேரின் வீடு எங்கே என்று ஊருக்கே தெரியாது.

சிக்கல் என்ன?

கபடி அணிக்குக் களத்தில் 7 பேர், மாற்று ஆட்கள் 5 பேர். ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். செலவு குறைந்த ஆட்டம் என்பதால் எந்தச் சிற்றூரும் அணி திரட்டிவிடலாம். ஆனால் திரட்டுவது வேறு, ஜெயிப்பது வேறு. இருநூறு வீடுள்ள ஊரில் ஆடும் வயதுப் பையன்கள் எத்தனை பேர் தேறுவார்கள்? அவர்களிலும் பலர் மறைமலைநகர், ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். மண் தரையில் வெறுங்காலோடு பழகியவர்கள், மேட் விரிப்பில் ஷூ போட்டு ஆடிப் பழகிய அணியை எதிர்கொள்ள வேண்டும். வருடா வருடம் முதல் சுற்றிலேயே தோற்கும் அணி, நான்காவது வருடம் வராது.

இப்படியே போனால் ஜெயிப்பவர்களே ஜெயிப்பார்கள். அதைத் தவிர்க்க ஆள் வாங்கலாம் என்றால், ஊர் அணி என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும். சமமான போட்டியும் வேண்டும், ஊரின் அடையாளமும் வேண்டும். இரண்டையும் எப்படிக் காப்பது?

ஊர் அணியில் அப்படி என்ன இருக்கிறது?

இரவு ஆட்டத்தில் கோட்டருகே நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். டியூப் லைட் வெளிச்சத்தில் பாடிப் போகிறவன் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே நுழைகிறான். 30 வினாடிதான் அவனுக்கு. போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும் நொடியில் கார்னர் கணுக்காலைப் பிடிக்கிறான். பக்கத்தில் நிற்பவன் இடுப்பைக் கட்டுகிறான். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள்; கண் ஜாடையே போதும். மைக்கில் சொல்லும் பெயரைக் கூட்டம் காதில் வாங்குவதில்லை. "வாத்தியார் வீட்டுப் பையன் புடிச்சிட்டான்டா!" என்கிறது. பாட்டிமார்கள்கூடத் தூங்காமல் உட்கார்ந்திருப்பது இந்த உறவுக்காகத்தான். சிறுவர்கள் மறுநாள் காலை அதே களத்தில் அதே பிடியைப் போட்டுப் பார்ப்பதும் அதனால்தான்.

ஏலம் தரும் தீர்வு

புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியது. இங்கே சொந்த ஊர் விதியே இல்லை. வீரர்கள் ஏலத்துக்கு வருவார்கள்; ஆனால் எந்த அணியும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவழிக்கக் கூடாது. சமநிலைக்கு இந்த வழி பலன் தந்திருக்கிறது. முதல் 11 சீசன்களில் 8 வெவ்வேறு அணிகள் கோப்பையை வென்றன.

அடையாளம் என்ன ஆனது? 2017-இல் வந்த தமிழ் தலைவாஸ் அணியின் முதல் கேப்டன் அஜய் தாக்கூர், இமாச்சலப் பிரதேசத்துக்காரர். அதற்கு முந்தைய ஆண்டு தஞ்சாவூர் மாவட்டத்தின் தர்மராஜ் சேரலாதன் கேப்டனாக நின்று கோப்பை வாங்கிக் கொடுத்ததோ பாட்னா அணிக்கு. 2022-இல் தலைவாஸ் பவன் ஷெராவத் என்ற வீரரை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அணியின் மொத்த ஏலத் தொகையில் பாதிக்கு மேல். முதல் ஆட்டத்திலேயே அவர் காயமடைந்து வெளியேறினார். பெயர் பெறாத இளைஞர்களை வைத்துக்கொண்டே அணி முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. கோப்பை இன்றுவரை வரவில்லை. தமிழர்கள் அந்த அணியை நேசிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது மஞ்சள் பனியன் மேல் வைக்கும் பாசம். தெருப் பையன் மேல் வைக்கும் பாசம் வேறு.

அயர்லாந்து காட்டும் வழி

இதற்கு நேர் எதிரான பாதையில் போனது அயர்லாந்தின் கேலிக் கால்பந்து. அதை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884-இல் உருவானது. வீரருக்குச் சம்பளம் கிடையாது, ஏலம் கிடையாது. பொதுவாக எந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தாரோ அந்த கிளப்புக்கும் அந்தக் கவுண்டிக்கும் (மாவட்டத்துக்கும்) ஆடுவார். ஆனாலும் டப்ளினின் கிரோக் பார்க் மைதானத்தில் 82,000 பேர் கூடி இறுதிப் போட்டியைப் பார்க்கிறார்கள்.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. டப்ளினில் ஏறக்குறைய 14.5 லட்சம் மக்கள்; லீட்ரிம் கவுண்டியில் சுமார் 35,000 பேர். 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு முறை டப்ளின்தான் சாம்பியன். லீட்ரிம் ஒருமுறைகூட அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றதில்லை. மக்கள்தொகையில் பெரிய கவுண்டிக்கே பயிற்சி நிதியும் அதிகம் போகிறது என்ற கோபம் வெடித்தது.

அப்போதும் அவர்கள் வட்டார விதியைக் கைவிடவில்லை. போட்டியைத்தான் அடுக்காகப் பிரித்தார்கள். 2022-இல் பின்தங்கிய கவுண்டிகளுக்கென்று டெய்ல்டீன் கோப்பை தொடங்கியது. கிளப் அளவில் முதல் நிலை, இடைநிலை, இளநிலை என்று மூன்று தட்டு உண்டு. சின்னஞ்சிறு கிராமத்துக் கிளப்பும் தன் தட்டில் ஜெயித்து, அதே கிரோக் பார்க்கில் இறுதிப் போட்டி ஆடலாம். சிறிய அணிக்கு அனுதாபம் வேண்டாம். எட்டிப் பிடிக்கக்கூடிய ஒரு கோப்பை வேண்டும்.

நம் ஊர் விதியில் கவனம் தேவை

'ஊர்' என்ற சொல்லை நாம் எச்சரிக்கையாகவே எடுக்க வேண்டும். ஊர் அணி என்ற பெயரில், சாதி பார்த்து ஒரு தெருவை வெளியே நிறுத்திய வரலாறு நமக்கு உண்டு. அர்ஜுனா விருது பெற்ற கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு 2025-இல் வந்த 'பைசன்' படம் பேசியதும் இந்த வலியைத்தான். கபடிப் போட்டிக்கு அனுமதி தரும்போது, உடையில் சாதி அடையாளம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனை விதித்ததும் இதனால்தான். ஆகவே ஊர் என்றால் ஊராட்சியின் எல்லாத் தெருவும். பிழைக்க வந்து இங்கேயே குடியிருப்பவரின் பிள்ளையும், இங்குள்ள பள்ளியில் படிக்கும் பிள்ளையும் ஊர்ப் பிள்ளைதான்.

அடையாளம் பிறப்பால் மட்டும் வருவதில்லை என்பதற்குச் சென்னை கண்ணகி நகரே சாட்சி. நகரின் பல மூலைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்திய இடம் அது. அங்கே கபடி பழகிய கார்த்திகா, 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் அணியோடு தங்கம் வென்றார். அவமானச் சொல்லாக உச்சரிக்கப்பட்ட பகுதியின் பெயரை, நாடே மரியாதையோடு சொன்னது.

என்ன செய்யலாம்?

வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஊருக்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. போலீஸ் நின்று தடுப்பதால் அல்ல. ஊர்க் கட்டுப்பாடு, அவ்வளவுதான். கபடிக்கும் இப்படி ஒரு கட்டுப்பாட்டைப் போட இந்த வட்டாரத்துக்கு வலு இருக்கிறது.

பொங்கல் போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்கள் இரண்டு பிரிவு வைக்கட்டும். ஒன்று யாரையும் இறக்கலாம் என்ற திறந்த பிரிவு. மற்றொன்று ஊராட்சிக்குள் இருப்பவர்கள் மட்டும் ஆடும் பிரிவு. இரண்டுக்கும் ஒரே மேடை, ஒரே மைக், ஒரே அளவு கோப்பை. பெண்கள் பிரிவில், கட்டிக்கொடுத்த ஊருக்கு ஆடுவதா, பிறந்த ஊருக்கு ஆடுவதா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். ஒன்றியத்துக்கு ஒரு மேட் விரிப்பும் ஒரு பயிற்சியாளரும் கொடுக்க வேண்டியது அரசின் பொறுப்பு. அதைச் சிறிய ஊர்களிலிருந்து தொடங்க வேண்டும்.

உபயம் செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே இரவுக்கு வந்துபோகும் ரைடருக்குக் கொடுக்கும் பணத்தில், உங்கள் ஊர்ப் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஷூ வாங்கித் தரலாம். இந்த வருடம் அவர்கள் தோற்கலாம். ஆனாலும் அடுத்த பொங்கலுக்கும் களத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான்.