நெய்வேலிப் பழுப்புக் கரியும் குடியானவர்களும்

வில்பட்டி மலைச்சரிவில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுவோர் வீட்டு விளக்குக்கும், கடலூர் ஜில்லா நெய்வேலியின் மண்ணுக்கடியிலுள்ள பழுப்புக் கரிக்கும் சம்பந்தமுண்டு. மின்சாரக் கம்பிகள் நாடெங்கும் ஒன்றோடொன்று இணைந்திருத்தலே அதற்குக் காரணமாம்.

நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு எடுக்கையில் இக்கரி வெளிப்பட்டது. 1956இல் அரசாங்க ஸ்தாபனம் ஏற்பட்டது. சோவியத் உதவியுடன் எழுந்த முதல் மின்நிலையம் 1962இல் இயங்கத் தொடங்கி, 600 மெகாவாட் அளவுக்கு வளர்ந்து, 2020இல் ஓய்வு பெற்றது. புதிய நிலையங்கள் அப்பணியைத் தொடர்கின்றன.

இக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரமாதலால், தொலைவுக்கு ஏற்றியனுப்புதல் கட்டாது. ஆகவே சுரங்கத்தருகே நிலையம் அமைந்தது. கரியைப் பொடித்து உலையில் எரிப்பர். கொதிகலத்து நீர் ஆவியாகிச் சக்கரத்தைச் சுழற்ற, அதனோடிணைந்த இயந்திரம் மின்சாரம் பிறப்பிக்கும். பின்னர் ஆவி குளிர்ந்து நீராகி மீண்டும் கலத்தை அடையும்.

கரிப்படுகையின் கீழே பேரழுத்தத்துடன் ஊற்றுநீர் நிற்கின்றது. அதனை இரவும் பகலும் இறைக்காவிடில் சுரங்கத்தின் அடித்தளம் பெயர்ந்து வெள்ளம் புகும். இவ்விறைப்பால் சுற்றுப்புறத்தில் ஊற்றழுத்தம் தாழ்ந்தது. சுரங்கம் விரிய விரியப் பல கிராமத்தார் விளைநிலத்தையும் விட்டு நீங்க நேர்ந்தது.

ஆதலின் மோட்டார் வைத்துள்ளோர் ஒழுகும் புட்வால்வையும் குறுகிய குழாயையும் காலத்தில் மாற்றுதல் நன்று. கிராம அதிகாரிகளும் இதனை எடுத்துரைப்பாராக. இங்கே வீணாகாத மின்சாரம், அங்கே ஒரு குடியானவனின் நிலத்தையும் நீரையும் காக்கும்.